கண்ணாடி அணிந்த குற்றம்!

முடிதிருத்தும் நிலையத்து நாற்காலியில், கழுத்தைச் சுற்றி வெள்ளைத் துணி கட்டப்பட்டு அமர்ந்திருக்கும் மனிதனைப்போல அடங்கி ஒடுங்கிய பிறவியை வேறெங்கும் காணமுடியாது. மாநாட்டிலே முழங்குபவரும் அங்கே மவுனச்சாமிதான். வாய் திறந்தால் மீசை போய்விடும் என்ற அச்சம்!

சென்ற ஞாயிறன்று அப்படித்தான் நானும் அடங்கி அமர்ந்திருந்தேன். அப்போது உள்ளே நுழைந்தான் ஓர் இளைஞன். கைப்பேசியை எடுத்தான், ஒரு நடிகரின் படத்தைக் காட்டினான், "அண்ணே, அப்படியே இதே மாதிரி!" என்றான். முடிதிருத்தும் தோழர் படத்தைப் பார்த்தார், பையனைப் பார்த்தார், மீண்டும் படத்தைப் பார்த்தார். "முடியை இதே மாதிரி வெட்டிவிடலாம் தம்பி. முகத்தை நான் என்ன செய்யட்டும்?" என்றார்.

கடையே சிரித்தது. பையனும் சிரித்தான். சிரிக்காதவர் ஒருவரே. மூலையில் செய்தித்தாளுக்குப் பின்னால் மறைந்திருந்த பெரியவர். "காலம் கெட்டுவிட்டதய்யா! கூத்தாடிகளைப் பார்த்துத் தலையைச் சிரைத்துக்கொள்கிறார்கள். எங்கள் காலத்தில் இப்படியா?" என்று கேட்டபடி தாளைத் தாழ்த்தினார். அப்போதுதான் அவர் முகம் தெரிந்தது. காதைத் தாண்டி, கன்னத்தைக் கடந்து, தாடைவரை இறங்கி நின்றது கிருதா! ஐம்பது ஆண்டுகளுக்கு முன்னே ஏதோ ஒரு வெள்ளித்திரையிலிருந்து இறங்கி வந்து, அவர் கன்னத்தில் குடியேறி, இன்றுவரை காலிசெய்ய மறுக்கும் குடித்தனக்காரர்!

பெரியவரின் மனம் புண்படக்கூடாது என்பதால் நான் ஒன்றும் சொல்லவில்லை. அங்கே சொல்லாததை இங்கே சொல்கிறேன்.

"எங்கள் காலத்தில் இப்படியா?" என்று கேட்கிறார்களே, எந்தக் காலத்தில் இப்படி இல்லை? 1944-ஆம் ஆண்டு 'ஹரிதாஸ்' வெளிவந்தது. மூன்று தீபாவளிகளைக் கண்டது. அந்த நாட்களில் தமிழ்நாட்டுத் தெருக்களிலே எத்தனை தியாகராச பாகவதர்கள்! குரல் அவருக்கு மட்டுமே இருந்தது; கழுத்துவரை புரண்ட 'பாகவதர் கிராப்பு' எல்லோருக்கும் இருந்தது. பாடத்தெரியாத பாகவதர், பல்லவி அறியாத பாகவதர், பலசரக்குக் கடையில் பொட்டலம் கட்டிய பாகவதர் என்று பல வகை!

பிறகு கை வீங்கியதோ எனக் காண்போர் கலங்குமாறு ரவிக்கைக்குப் 'பஃப் கை' வந்தது. எழுபதுகளில் 'பெல்பாட்டம்' வந்தது. நகராட்சித் தோழர்கள் விடுப்பெடுத்த நாளிலும் நகரத் தெருக்கள் சுத்தமாக இருந்தனவென்றால், அந்தக் கால்சட்டைகள் ஆற்றிய அரும்பணியை மறக்கலாமா? 1985-இல் 'பூவே பூச்சூடவா' வந்தது. நதியா கொண்டை, நதியா வளையல், நதியா கம்மல்! என் தாயார் அப்போது பாவாடை தாவணிப் பருவம். வளையல் வேண்டும் என்று மூன்று நாள் உண்ணாநோன்பு இருந்ததாகவும், மூன்றாம் நாள் மாலை பாட்டனார் பணிந்ததாகவும் எங்கள் வீட்டு வரலாறு கூறுகிறது. எங்கள் குடும்பத்தில் நடந்த முதல் அறப்போராட்டம் அதுதான்!

அடுத்த தலைமுறை நான். 2005-இல் 'கஜினி' வந்தபோது பள்ளி மாணவன். ஒட்ட வெட்டிய தலையோடு வீடு திரும்பினேன். திண்ணையில் இருந்த பாட்டி என்னைப் பார்த்தாள், நெஞ்சில் கைவைத்தாள். "யாருக்கடா மொட்டை போட்டாய்? நான் இன்னும் உயிரோடுதானே இருக்கிறேன்!" என்றாள். அந்தப் படத்தின் நாயகனுக்குப் பதினைந்து நிமிடம்தான் நினைவு நிற்கும். எனக்குப் பின்னாளில் கல்லூரித் தேர்வு மண்டபத்தில் அவ்வளவு நேரமும் நிற்கவில்லை. ஆகவே கல்லூரியும் நானும் பாதி வழியில் கைகுலுக்கிப் பிரிந்தோம்.

இந்த நோய் தமிழனுக்கு மட்டுமே உரியது என்று எண்ணிவிட வேண்டாம். 1960-இல் 'லவ் இன் சிம்லா' என்ற இந்திப் படம் வந்தது. அதன் நாயகி சாதனாவுக்கு நெற்றி சற்று அகலம். அதை மறைக்க, ஆட்ரி ஹெப்பர்ன் என்ற ஆங்கிலப்பட நடிகையைப் பார்த்து, முன்முடியை நெற்றியில் விழவிட்டு வெட்டினார்கள். அவ்வளவுதான்! வடபுலமெங்கும் 'சாதனா கட்' பரவிற்று. அகன்ற நெற்றிக்கு ஏற்பட்ட மருந்தை, நெற்றியே இல்லாதவர்களும் அருந்தினார்கள்!

அமெரிக்க நாட்டிலே வெரோனிகா லேக் என்றொரு நடிகை. ஒரு கண்ணை மறைத்து முகத்தில் விழும் கூந்தல் அவருடைய முத்திரை. அப்போது இரண்டாம் உலகப் போர். ஆண்கள் போர்முனையில், பெண்கள் தொழிற்சாலையில். அவரைப்போல் கூந்தலை விட்டுக்கொண்டு வேலைக்கு வந்த பெண்களின் முடி இயந்திரத்தில் சிக்கும் ஆபத்து எழுந்தது. 1943-இல் அரசே அந்த நடிகையிடம் வேண்டுகோள் விடுத்தது; அவரும் கூந்தலை மாற்றி வாரிக்கொண்டார். வல்லரசு ஒன்று போர் நடத்திக்கொண்டே ஒரு பெண்ணின் வகிட்டைப் பற்றிக் கவலைப்பட்டது என்றால், திரையின் வலிமையை எண்ணிப் பாருங்கள்!

இதுவரை சிரித்தோம். சிரிப்பதற்கு உரியது இது, மறுக்கவில்லை. ஆனால் எவரோடு சேர்ந்து சிரிக்கிறோம் என்று ஒரு நொடி திரும்பிப் பார்க்கவேண்டும், தோழர்களே!

நம்மைப்போல் சிரிக்கிறவர்கள் உண்டு. பல்லைக் கடித்துக்கொண்டு சிரிக்கிறவர்களும் உண்டு. "யார் யார் எதை எதை உடுத்துவது என்ற முறையே இல்லாமற் போய்விட்டது" என்று சலித்துக்கொள்வார்கள். அந்த 'முறை' இருந்த நாட்டின் கதையைக் கேளுங்கள்.

இன்றைய குமரி மாவட்டம் அன்று திருவிதாங்கூர் அரசில் இருந்தது. அங்கே நாடார் குலப் பெண்கள் மார்பை மறைத்துத் தோள்சீலை அணிவது குற்றம். பல்லாண்டுக் காலம் போராடினார்கள். துணி கிழிக்கப்பட்டது, வீடு எரிக்கப்பட்டது, வணங்காமல் நின்றார்கள். 1859-ஆம் ஆண்டு அரசர் இறங்கிவந்து அறிவிப்பு வெளியிட்டார். மேலாடை அணியலாம் என்றார். அதோடு நிறுத்தினாரா? உயர்சாதிப் பெண்கள் அணியும் முறையில் மட்டும் அணியக்கூடாது என்றார்!

பார்த்தீர்களா பசப்பை! மானத்தை மறைத்துக்கொள்ள இசைவு தந்த அரசுக்கு, தன்னைப் பார்த்து அவர்கள் உடுத்துவதற்கு இசைவு தர மனம் வரவில்லை. கீழே இருப்பவன் மேலே இருப்பவனைப்போலத் தோன்றிவிட்டால், எவன் மேல் எவன் கீழ் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அந்தக் கவலை அரண்மனையைக் குடைந்தது.

பழங்கதை பேசுகிறேன் என்பீர்களோ? 2012-ஆம் ஆண்டு. நமது தமிழ்நாடு. ஒரு கட்சியின் தலைவர், ஒடுக்கப்பட்ட குலத்து இளைஞர்கள் ஜீன்சும் டி-சட்டையும் கறுப்புக் கண்ணாடியும் அணிந்து பிற சாதிப் பெண்களை மயக்குகிறார்கள் என்று ஊரறியப் பேசினார். 2023-ஆம் ஆண்டு. குஜராத்தின் பனாஸ்காண்டா மாவட்டம். நல்ல உடை உடுத்திக் கறுப்புக் கண்ணாடி அணிந்திருந்தான் என்பதற்காகத் தாழ்த்தப்பட்ட இளைஞர் ஒருவர் தாக்கப்பட்டதாக வழக்குப் பதிவாயிற்று. தடுக்கவந்த தாயையும் விட்டுவைக்கவில்லை என்பது புகார். கண்ணுக்குக் குளிர்ச்சி தரும் கறுப்புக் கண்ணாடி, சிலர் கண்ணுக்கு மட்டும் கனலாய்ச் சுடுகிறது!

என் நாடகக் குழுவிலே நடந்ததைச் சொல்கிறேன். ஊரின் பெயர் வேண்டாம்; அந்த ஊர் ஒன்றல்ல என்பதால். எங்கள் நாடகத்தில் காவல்துறை ஆய்வாளர் வேடம் ஏற்றவன் சேரியிலிருந்து வந்த தம்பி. இடைவேளையில் வேடத்தைக் கலைக்காமலே தேநீர்க் கடைக்குப் போனான். காக்கிச்சட்டை, கறுப்புக் கண்ணாடி, கையில் தடி. கடைக்காரர் எழுந்தார்; நாற்காலியைத் துடைத்தார்; "உட்காருங்கள் ஐயா" என்றார். மறுநாள் காலை, தன் சொந்தச் சட்டையில், அதே கடைக்குப் போனான். "அப்படி ஓரமாக நின்று குடி" என்றார் அதே கடைக்காரர். தம்பி இதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னான். சிரிக்கவைக்கும் வசனம் எழுதிப் பிழைப்பவன் நான். அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆகவேதான் சொல்கிறேன்: நடிகரின் படத்தைக் காட்டி "இதே மாதிரி" என்று கேட்ட பையனை ஏளனம் செய்யும் கூட்டத்தில் நான் சேரமாட்டேன். மிராசுதாரின் மகனுக்கும் மாடு மேய்த்தவரின் மகனுக்கும் ஒரே கிராப்பை வெட்டிவிட்டது கத்தரிக்கோல். சமத்துவத்தைப் பற்றி நாம் மேடையில் மூன்று மணி நேரம் பேசுகிறோம். அந்தக் கத்தரிக்கோல் பேசாமலே கொஞ்சம் நடத்திக் காட்டியிருக்கிறது. பாராட்டத்தானே வேண்டும்?

அப்படியானால் திரை காட்டுவதெல்லாம் திருவாசகமா? இல்லை! இரண்டு இடத்தில் எனக்கு வழக்கு உண்டு.

முதல் வழக்கு நிறத்தைப் பற்றியது. உடையைத் தைத்துக்கொள்ளலாம்; முடியை வெட்டிக்கொள்ளலாம்; தோலை என்ன செய்வது? சுட்டெரிக்கும் வெயிலில் உழைத்த இனத்தின் திரையிலே, நாயகி என்றால் வெண்ணெய் நிறம் என்று விதி வகுத்தார்கள். 1975-இல் 'ஃபேர் அண்ட் லவ்லி' என்ற களிம்பு சந்தைக்கு வந்தது. வெளுத்தால் வேலை கிடைக்கும், வெளுத்தால் மணமகன் கிடைப்பான் என்றது விளம்பரம். 2020-இல் உலகெங்கும் நிறவெறிக்கு எதிராகக் குரல் எழுந்தபோது, பெயரிலிருந்த 'ஃபேர்' என்ற சொல்லைக் கழற்றிவிட்டு 'குளோ' என்று சூட்டிக்கொண்டது. பெயர் வெளுத்துவிட்டது, நம் பெண்ணின் மனத்தில் படிந்த கறை வெளுத்ததா? கண்ணாடி அணிகிறவன் "நானும் உன்னைப்போல" என்று நிமிர்கிறான். களிம்பு பூசுகிறவள் "நான் என்னைப்போல இருக்கக்கூடாது" என்று குனிகிறாள். முன்னதை வரவேற்கிறேன், பின்னதை எதிர்க்கிறேன்.

இரண்டாவது வழக்கு நம்மவர்கள் மீதே! சாட்சிக்கூண்டில் நானும் நிற்கிறேன். நடிகரைப் பார்த்து நடப்பதைக் கேலிசெய்யும் நாம், தலைவரைப் பார்த்து நடப்பது எப்படி? எம்.ஜி.ஆரின் வெள்ளைத் தொப்பியை அணிந்தவர்கள் எத்தனை பேர்! கலைஞரின் கறுப்புக் கண்ணாடியை அணிந்தவர்கள் எத்தனை பேர்! அவர் அழகுக்காகவா அணிந்தார்? விபத்தில் ஊறுபட்ட கண்ணுக்காக அணிந்தார். சாதனாவின் நெற்றியை நினைத்துக்கொள்ளுங்கள்! கண் நலமாக உள்ளவர், இரவு பத்து மணிப் பொதுக்கூட்டத்தில் அதை மாட்டிக்கொண்டு, படி தெரியாமல் மேடையிலிருந்து விழுந்ததை நான் கண்ணாரக் கண்டிருக்கிறேன். கண்ணாடியைப் பின்பற்றியவர், அதற்குப் பின்னால் இருந்த எழுத்தையும் உழைப்பையும் பின்பற்றினாரா? அறிஞர் அண்ணாவின் கசங்கிய சட்டையை எவரும் நகல் எடுக்கவில்லை. அதை நகல் எடுக்க இரவெல்லாம் கண்விழித்துப் படிக்கவேண்டுமே!

உடையால் ஊரை மாற்றமுடியாதா? மாற்றியிருக்கிறார்கள். 1921 செப்டம்பர் 22-ஆம் நாள், மதுரையில், காந்தியார் மேலாடையைக் களைந்து அரையாடைக்கு மாறினார். ஏழை உடுத்தியதைப் பார்த்து அவர் உடுத்தினார். ஏழைக்கு அது வறுமை. அவருக்கு அது அறைகூவல். 1953-இல் கைத்தறி நெசவாளர் கஞ்சிக்கும் வழியின்றித் தவித்தபோது, அண்ணாவும் அவருடைய தோழர்களும் துணியைத் தோளிலே சுமந்து வீதிவீதியாக விற்றார்கள். எந்த நடிகையின் பெயரும் சூட்டப்படாத அந்தச் சேலையை மக்கள் வாங்கினார்கள். நெய்தவனின் பசி அதற்குப் பெயராயிற்று.

ஆகவே, தோழர்களே! தீபாவளிக்குப் படப்பெயர் சூட்டிய சேலை வேண்டும் என்று வீட்டில் கேட்டால் வாங்கிக் கொடுங்கள். என் பாட்டனார் மூன்றாம் நாள் பணிந்தார், நீங்கள் முதல் நாளே பணிந்துவிடுங்கள்! கூடவே ஒரு கைத்தறியும் வாங்குங்கள்.

அந்த இளைஞனை உங்கள் ஊர் முடிதிருத்தகத்திலும் காண்பீர்கள். கேலி செய்யாதீர்கள், பக்கத்தில் அமருங்கள், தேநீர் வாங்கிக்கொடுங்கள். "கிராப்பு நன்றாக இருக்கிறது தம்பி" என்று மனதாரச் சொல்லுங்கள். அதன்பிறகு, உன் ஊர்த் தேநீர்க் கடையில் எல்லோரும் உட்கார்ந்துதான் குடிக்கிறார்களா என்று கேளுங்கள். இல்லை என்றால், அவனையும் அழைத்துக்கொண்டு அந்தக் கடைக்குப் போங்கள்.

கறுப்புக் கண்ணாடி அணிந்தே போங்கள். உட்கார்ந்து குடித்துவிட்டு வாருங்கள்!