மட்காடு இல்லாத சைக்கிளா?

ஐப்பசி மழை தொடங்கிவிட்டது. உங்களில் பலர் இப்போது பிள்ளைகளுக்குச் சைக்கிள் வாங்கித் தரும் வயதில் இருப்பதால் இதை எழுதுகிறேன்.

சாயங்காலம் பள்ளி விடும்போது செந்துறை கடைவீதியில் நின்று பாருங்கள். தடித்த டயர், கியர், ஷாக்அப்சர்பர் எல்லாம் இருக்கும், மட்காடு இருக்காது. 2001-02இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியருக்கெனத் தொடங்கி, 2005-06இல் பதினொன்றாம் வகுப்பின் மற்ற பிள்ளைகளுக்கும் விரிந்ததே அரசு சைக்கிள், அதில் மட்காடு உண்டு. அதையும் சில பையன்கள் கழற்றி எறிகிறார்கள். கேட்டால் ஸ்டைலாம்!

சட்டை முதுகில் சேற்றுக்கோடு விழுவதைத் துவைத்துக்கொள்ளலாம். என் கவலை வேறு. பின் மட்காட்டில்தான் வெள்ளைப் பட்டையும் சிவப்பு ரிஃப்ளெக்டரும் இருக்கின்றன. மட்காட்டோடு அவையும் போய்விடுகின்றன. கார்த்திகை, மார்கழியில் ஆறு மணிக்கெல்லாம் இருட்டுகிறது. ஸ்பெஷல் கிளாஸ் முடித்து வரும் பிள்ளை, சிமெண்ட் லாரி ஓடும் அரியலூர் சாலையில் பின்னால் வரும் டிரைவர் கண்ணுக்குத் தெரிய வேண்டாமா? சைக்கிளில் விளக்கு வைப்பவர்களையும் இப்போது காணோம்.

வாங்கும்போது முன் ஃபோர்க்கில் அச்சுக்குப் பக்கத்தில் மட்காடு கம்பி மாட்டத் துளை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் முழு மட்காடு மாட்டுவது சிரமம். சீட்டுக்கடியில் வால் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் பிளாஸ்டிக் துண்டு முதுகை ஓரளவு காக்கும், அவ்வளவுதான். மட்காடு டயரைவிடக் கொஞ்சம் அகலமாக இருக்கட்டும். முன்னது தாழ இறங்கி, நுனியில் ஒரு ரப்பர் துண்டும் தொங்கினால் செருப்பும் செயினும் தப்பும். செயினில் மண் ஏறினால் தேய்மானம் அதிகம்.

இடைவெளி விஷயத்தில் நம் ஊர் மண்ணைப் பார்க்க வேண்டும். தார்ச்சாலைக்கு டயருக்கும் மட்காட்டுக்கும் நடுவே ஒரு விரல் போதும். முந்திரிக்காட்டுச் செம்மண்ணுக்கும் பெரும்பாலும் அது போதும். குன்னம் பக்கக் கரிசலுக்குப் போதவே போதாது. களிமண் அப்பிச் சக்கரம் சுற்றாமல் நின்றுவிடும், பிறகு சைக்கிளைத் தோளில்தான் தூக்க வேண்டும். அங்கே இரண்டு விரலாவது விடச் சொல்லுங்கள். கரிசல்காட்டுப் பையன் மட்காட்டைக் கழற்றினால் அதில் ஒரு நியாயமாவது இருக்கிறது. அவனும் ரிஃப்ளெக்டரை மட்டும் கேரியரில் மாட்டிக்கொள்ளட்டும்.

கடகடவென்று ஆடும் மட்காட்டை அப்படியே விடாதீர்கள். முன் கம்பி கழன்று சக்கரத்துக்குள் போனால் பிள்ளை தலைகுப்புற விழும். வாஷர் போட்டு நட்டை முடுக்கக் கடையில் பத்து நிமிஷம் ஆகாது. பழைய மட்காடு வீட்டுப் பரணில் கிடந்தால் காயலான் கடைக்குப் போடுமுன் அதையும் எடுத்துப்போய்ப் பொருந்துமா என்று கேளுங்கள்.