கை நுழையும் தொட்டி

லங்காவியில் கரையேற்றி வைத்திருக்கும் நண்பரின் பாய்மரப் படகிலிருந்து குடிதண்ணீர்த் தொட்டியைத் துண்டு துண்டாக அறுத்து வெளியே எடுத்துவிட்டோம். 1970-களில் இங்கிலாந்தில் கட்டிய ஃபைபர் படகு, 33 அடி நீளம். தொட்டி எவர்சில்வர். அதை முழுதாக எடுக்க வழியே இல்லை. அந்தக் காலத்துப் படகுத் தொழிற்சாலைகளில் முதலில் அடிக்கூட்டை வார்ப்பார்கள். எஞ்சின், தொட்டி, கட்டில், அலமாரி எல்லாவற்றையும் உள்ளே பொருத்துவார்கள். கடைசியாக மேல்தளத்தை வைத்து மூடுவார்கள். கேபினுக்குள் இறங்கும் வாசலோ தொட்டியைவிடச் சிறியது. கட்டியவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஃபைபர் படகு இத்தனை காலம் உழைக்கும் என்று அன்றைக்கு யாருக்குத் தெரியும்?

தொட்டி ஒழுகுகிறது என்று முடிவு கட்டுவதற்குமுன் பொறுமையாகத் தேட வேண்டும். தரைப்பலகைக்குக் கீழே, பில்ஜ் என்கிற அடிப்பள்ளத்தில் தண்ணீர் சேர்ந்தால் ஒரு சொட்டை நாக்கில் வைத்துப் பார்ப்பது படகுக்காரர்களின் பழைய வழக்கம். கரித்தால் கடல்நீர். கரிக்காவிட்டால் தொட்டி, அல்லது தளத்தில் எங்கோ இறங்கும் மழை. (டீசல் வாடை அடித்தால் நாக்கு வேண்டாம், முகர்ந்ததோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.) எல்லாக் குழாய்களையும் மூடியிருக்கும்போதே பம்பு தானாக ஓடி ஓடி நின்றால், ஒழுக்கு பம்புக்கு அப்பால் உள்ள குழாயில். தளத்தில் தண்ணீர் ஊற்றும் மூடியின் ரப்பர் வளையம் காய்ந்து வெடித்திருக்கலாம். ஒரு ஹோஸ் கிளிப் துருப்பிடித்து விட்டுப்போயிருக்கலாம். இவையெல்லாம் சரியாக இருந்தால் மட்டும் தொட்டிக்குள் கொஞ்சம் கேசரிப் பவுடரைக் கரைத்துவிட்டு, மறுநாள் பில்ஜில் நிறம் தெரிகிறதா என்று பாருங்கள். எங்களுக்கு ஆரஞ்சு நிறத்தில் பதில் வந்தது.

எவர்சில்வர் எப்படி ஓட்டையாகும் என்று பலர் கேட்கிறார்கள். அந்த உலோகத்தைக் காப்பது அதன்மேல் படியும் மெல்லிய குரோமியம் ஆக்சைடு படலம். அது கீறப்பட்டால் காற்றில் உள்ள ஆக்சிஜனைக் கொண்டு தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ளும். காற்றுப் படாத இடத்தில் அது முடியாது. தொட்டியின் அடியில் நனைந்த பலகையோ ஊறிய ஃபோமோ ஒட்டிக்கிடந்து, அதில் பில்ஜின் உப்பும் சேர்ந்தால், அந்த இடுக்கில் அரிப்பு தொடங்கிவிடும். உள்ளே போட்ட குளோரின், தன் பங்குக்கு வெல்டிங் ஓரங்களைத் தின்னும். அலுமினியத் தொட்டி என்றால் நிலைமை இன்னும் மோசம். வெள்ளைப் பொடியாகப் பூத்து, விரலால் அழுத்தினாலே பொத்துக்கொள்ளும் தொட்டிகளும் உண்டு. எங்கள் தொட்டியின் மேற்புறமும் பக்கங்களும் புதுப் பாத்திரம்போலப் பளபளத்தன. அடித்தகட்டை விளக்கொளியில் பிடித்தபோது ஊசிமுனைத் துளைகள் தெரிந்தன, எல்லாம் ஈரப்பலகை தொட்ட கோட்டில்.

வெல்டிங் பட்டறைக்காரர் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு நண்பரிடம், "அண்ணே, நான் ஒண்ண அடைச்சா பக்கத்துல ரெண்டு கிளம்பும். காச வீணாக்காதீங்க" என்றார். வந்த வேலையை வேண்டாம் என்று சொன்ன அந்த மனிதரை நான் மதிக்கிறேன். துளை விழுந்த இடத்தைச் சுற்றியுள்ள தகடும் ஏற்கெனவே மெலிந்திருக்கும். ஒட்டுப்போடுவது ஒரு பருவத்துக்குத் தாங்கலாம், கடல் கடக்கத் தாங்காது.

புதிதாக என்ன வைப்பது? 316எல் ரகத்தில் அளவெடுத்துச் செய்யலாம். அதில் உள்ள மாலிப்டினம் உப்பை ஓரளவு தாங்கும், செலவு அதிகம். மடங்கும் பை போன்ற தொட்டிகள் மலிவு, எந்த இடுக்கிலும் நுழையும், ஆனால் படகு ஆட ஆட உராய்ந்து கிழியும். படகுக்குள்ளேயே ஃபைபரில் கட்டிக்கொள்ளலாம். பிசின் முழுமையாக இறுகாவிட்டால் தண்ணீரில் அந்த வாடை நெடுநாள் நிற்கும். நான் பரிந்துரைத்தது, வீட்டு மொட்டைமாடித் தொட்டிகளுக்குப் பயன்படும் அதே பாலிஎத்திலீன். ஒரே பெரிய தொட்டி இருந்த பள்ளத்தில், வாசல் வழியாக நுழையக்கூடிய இரண்டு சிறிய தொட்டிகள். அட்டையில் மாதிரி வெட்டி இறக்கிப் பார்த்து அளவு முடிவு செய்தோம். தண்ணீர் நிறைந்தால் பக்கங்கள் சற்றுப் புடைக்கும் என்பதால் கொஞ்சம் இடைவெளி விட வேண்டும். பசை அதில் ஒட்டாது. பொருத்துகளை வாங்கும்போதே சரிபார்த்துவிடுங்கள். மொத்தக் கொள்ளளவு குறைந்துவிட்டது. குறையட்டும்.

நான் விட்டுக்கொடுக்காத நிபந்தனைகள் இரண்டு. முதலாவது, தொட்டியின் மேல் முழங்கை வரை நுழையும் அளவுக்குக் கைவாசல். உள்ளே தண்ணீர் அலைமோதாமல் இருக்கத் தடுப்புத் தகடு இருந்தால், தடுத்த ஒவ்வொரு அறைக்கும் ஒரு கைவாசல். நாங்கள் அறுத்த தொட்டியில் அப்படி எதுவும் இல்லை. அடியில் படிந்திருந்த பழுப்புச் சேற்றைப் பார்த்தபோது, இதிலிருந்தா இத்தனை நாள் தேநீர் குடித்தோம் என்று வயிறு கலங்கியது. குழாயில் வந்த தண்ணீர் தெளிவாகத்தான் இருந்தது.

இரண்டாவது, எல்லாத் தண்ணீரும் ஒரே இடத்தில் இருக்கக் கூடாது. இரண்டு தொட்டிகளுக்கும் இடையில் மூடக்கூடிய வால்வு வேண்டும். இதற்குப் பாய்மரப் படகோட்டி ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டனின் 'சுஹைலி'யைவிடப் பெரிய சாட்சி இல்லை. பம்பாயில் இந்தியத் தேக்கில் கட்டிய 32 அடிப் படகு அது. எங்கும் நிற்காமல் தனியாக உலகைச் சுற்றும் போட்டிக்காக 1968 ஜூனில் இங்கிலாந்தின் ஃபால்மத்திலிருந்து கிளம்பினார். தென்பெருங்கடல் புயலில் படகு அடிபட்ட பிறகு, தொட்டித் தண்ணீர் குடிக்க முடியாதபடி கெட்டிருந்தது தெரிந்தது. துறைமுகத்தில் ஒதுங்கித் தண்ணீர் வாங்கினால் போட்டியை விட்டு விலகியதாகிவிடும். தனியாகக் கேன்களில் வைத்திருந்த தண்ணீரும், பாயில் பிடித்த மழையும்தான் அவரைத் தொடர்ந்து ஓடவிட்டன. 1969 ஏப்ரல் 22 அன்று ஃபால்மத் திரும்பினார். கிளம்பிய ஒன்பது பேரில் போட்டியை முடித்தவர் அவர் ஒருவரே. கேன்கள் இல்லாதிருந்தால் அந்தக் கதை வேறு மாதிரி முடிந்திருக்கும் என்றே நம்புகிறேன்.

காற்றுக்குழாயையும் மறந்துவிடாதீர்கள். பல பழைய படகுகளில் அது வெளிப்பக்கச் சுவரில் திறக்கும். படகு சாய்ந்து ஓடும்போது கடல்நீர் அதன் வழியே தொட்டிக்குள் ஏறும். அதை உள்ளே, உயரமான இடத்துக்குக் கொண்டுவருவது அரைநாள் வேலைதான். எடையும் ஒரு கணக்கு: 200 லிட்டர் என்றால் 200 கிலோ. அதை அணியத்தில் வைத்தால் மூக்கு அலையில் புதையும். நடுவில், தாழ்வாக வைப்பதே நல்லது.

பழைய பாய்மரப் படகு வாங்கும் ஆசை யாருக்காவது இருந்தால், பாயையும் எஞ்சினையும் காட்டும் முன் தரைப்பலகையைத் தூக்கச் சொல்லுங்கள். தொட்டிக்குக் கைவாசல் இருக்கிறதா, அது எந்த உலோகம், எந்த வழியாக வெளியே வரும் என்று கேளுங்கள். விற்பவரிடம் பதில் இல்லையென்றால், புதுத் தொட்டிக்கும் ஆள்கூலிக்கும் ஆகும் தொகையைக் கழித்துத்தான் விலை பேசுங்கள்.