இறைச்சியைக் கேட்டோம், ஊதியத்தைக் கேட்டோமா?

மேற்படிப்புக்காக இலண்டன் மாநகருக்குப் புறப்படும் இளைஞனை வழியனுப்பும் நிகழ்ச்சி இப்போது நம் தெருக்களில் அடிக்கடி நடைபெறுகிறது. உறவினர் கூடுகின்றனர். ஆலிம் ஒருவர் பயண துஆ ஓதுகிறார். பெட்டியில் தொழுகை விரிப்பும், உம்மா வறுத்து அரைத்துக் கட்டிய மசாலாத் தூளும் இடம்பெறுகின்றன. வாசற்படியில் நின்று பெரியவர்கள் யாவரும் ஒரே அறிவுரையைக் கூறுகின்றனர்: “தம்பி, இறைச்சியை விசாரித்துச் சாப்பிடு!”

இவ்வறிவுரையை நாமும் பலமுறை கூறியிருக்கிறோம். அதில் பிழையில்லை. அத்தோடு நம் கடமை முடிந்ததென எண்ணினோமே, அதுவே பிழை. அப்பிழையைச் சுட்டவே இதனை எழுதுகிறோம். சிலருக்குக் கசக்கலாம், மருந்து இனிக்க வேண்டுமென்ற கட்டாயம் இல்லை.

இலண்டனில் ஹலால் இறைச்சிக்காக அலைந்து திரிந்த காலம் மலையேறிவிட்டது. வோக்கிங் நகரில் 1889-ஆம் ஆண்டு ஷாஜஹான் பள்ளிவாசல் எழுந்தபோது அந்நாட்டில் முஸ்லிம்கள் மிகச் சிலரே. இன்றோ வைட்சேப்பல் சாலையிலுள்ள கிழக்கு இலண்டன் பள்ளிவாசலில் ஜும்ஆவுக்குப் பெருந்திரள் கூடுகிறது. ஈஸ்ட் ஹாம் பகுதிக்குச் சென்றால் நம்மூர்ச் சாப்பாடே கிடைக்கிறது. தொழுகைக்குச் சற்று முயற்சி வேண்டும். டிசம்பர் மாதத்தில் லுஹருக்கு நேரமாகி, மாலை நான்கு மணி அடிக்குமுன் கதிரவன் மறைந்துவிடுகிறது; லுஹர், அஸர், மஃரிப் மூன்றும் வகுப்பு நேரத்தோடு மோதுகின்றன. ஜூன் மாதத்திலோ இரவு ஒன்பது மணிக்குப் பின்னரே மஃரிப். எனினும் பல பல்கலைக்கழகங்கள் தொழுகைக்கென அறை ஒதுக்கியுள்ளன. மனமுள்ளவனுக்கு இடமுண்டு. நாம் அஞ்சியவை இவ்வாறு எளிதாகிவிட்டன. நாம் அஞ்சாத ஒன்றே அவனை வீழ்த்துகிறது.

சிறுவயதில் நம்மிடம் ஓதிய ஒருவர் அங்கே முதுகலை பயின்று திரும்பியபின் நம்மைக் காண வந்தார். தம் வாழ்க்கையை மறைக்காமல் சொன்னார். ஓர் அறையில் நால்வர். பகலில் வகுப்பு. மாலை முதல் நள்ளிரவு கடந்தும் ஓர் உணவகத்தின் பின்கட்டில் பாத்திரம் கழுவும் வேலை. விடுமுறை நாட்களில் சரக்குக் கிடங்கில் பெட்டி தூக்கும் வேலை. வகுப்பில் அமர்ந்தால் உறக்கம் வருமாம். “வீட்டுக்கு அனுப்புவதற்காக நூலகத்தின் முன் நின்று படம் எடுத்துக்கொண்டேன், ஹஜ்ரத்! உள்ளே அமர்ந்து படிக்கத்தான் நேரம் கிடைக்கவில்லை. மீன் பொரித்த எண்ணெய் எதுவென்றுகூட விசாரித்தேன், சம்பள உறையை மட்டும் எதையும் விசாரிக்காமல் வாங்கினேன்” என்றார். அதைச் சொல்லும்போது அவர் தலை கவிழ்ந்திருந்தது.

அவர் தலை ஏன் கவிழ்ந்தது? பட்டப்படிப்பு பயில வரும் மாணவன், பாடம் நடைபெறும் காலத்தில் வாரத்திற்கு 20 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யலாகாது என்பது பிரிட்டனின் விசா நிபந்தனை. சுயதொழிலும் கூடாது. ஆஸ்திரேலியா இரு வாரங்களுக்கு 48 மணி நேரம் என்றும், கனடா வளாகத்திற்கு வெளியே வாரத்திற்கு 24 மணி நேரம் என்றும் வரம்பு வைத்துள்ளன. இவற்றை ஏற்றுத்தான் நம் பிள்ளை விசா பெறுகிறான். போய்ச் சேர்ந்தபின் கணக்கில் வராத கைக்கூலிக்கு வேலை செய்கிறான். பிறர் பெயரிலுள்ள கணக்கை வாடகைக்கு எடுத்து, வீடு வீடாக உணவு சுமக்கிறான். சட்டப்படி தர வேண்டிய கூலியில் பாதியைக் கொடுத்தாலும் அவனால் முறையிட இயலாது. முறையிட்டால் அவன் குற்றமும் வெளிவருமே! அவ்வாறு அவனைச் சுரண்டும் முதலாளிகளுள் சலாம் சொல்லி வரவேற்கும் நம்மவரும் உண்டு என்பதை எந்த வாயால் சொல்வது!

“அது மாற்றார் நாட்டுச் சட்டம், அதை மீறுவது மார்க்கத்தில் குற்றமாகுமா?” என்று நம்மிடம் கேட்டவர் உண்டு. மார்க்கம் அறியாதார் கேட்டிருந்தால் பொறுத்திருப்போம். ஐவேளையும் முதல் வரிசையில் நிற்பவர் கேட்டார்! ஒப்பந்தங்களை நிறைவேற்றுமாறு அல்மாயிதா அத்தியாயத்தின் முதல் வசனமே ஏவுகிறது. முஸ்லிமோடு செய்த ஒப்பந்தத்தை மட்டும் என்று அங்கே பிரிக்கப்படவில்லை. மாற்றார் நாட்டுக்குள் அபயம் பெற்று நுழைந்தவன் அவர்களுக்குத் துரோகம் இழைக்கலாகாது என்பது நம் ஃபிக்ஹு நூல்கள் அறிந்த சட்டம். இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்கள் தம் ‘அல் உம்மு’ நூலில் இதனைத் தெளிவுபடுத்தியுள்ளார்கள். அன்று ‘அமான்’ எனப்பட்டதே இன்று விசா எனப்படுகிறது.

இன்னும் ஐயமா? பத்ருக்கு முன் ஹுதைஃபா (ரலி) அவர்களையும் அவர்களுடைய தந்தையாரையும் குறைஷியர் பிடித்துக்கொண்டனர். போரில் கலந்துகொள்வதில்லை என வாக்குறுதி வாங்கிய பின்னரே விடுவித்தனர். பெருமானார் (ஸல்) அவர்களிடம் வந்து அவ்விருவரும் நடந்ததைக் கூறினர். படையிலோ முந்நூற்றுச் சொச்சம் பேர். எதிரணியில் ஏறத்தாழ மூன்று மடங்கு. ஒவ்வோர் ஆளும் தேவைப்பட்ட அந்நேரத்திலும், கொடுத்த வாக்கைக் காக்குமாறு கூறி அவ்விருவரையும் திருப்பி அனுப்பினார்கள் அண்ணலார். ஸஹீஹ் முஸ்லிமில் பதிவான நிகழ்ச்சி இது. போர் தொடுத்து வந்த பகைவருக்குத் தந்த வாக்கே காக்கப்பட்டதெனில், கல்வி கற்பிக்க இடமளித்தவர்க்குத் தந்த வாக்கை உடைக்கலாமா?

“நிர்ப்பந்தம்” என்பர். ஆம், நிர்ப்பந்தமே! அதை உண்டாக்கியவர் யார்? பிள்ளையா? இல்லை, நாம்! கட்டணத்துக்கும் உணவுக்கும் போதிய பணம் தொடர்ந்து 28 நாட்கள் வங்கியில் இருந்ததெனக் காட்ட வேண்டும் என்பது விதி. பணம் இல்லாத தந்தை, தரகரிடம் தொகையைக் கடனாகப் பெற்று, வங்கியில் வைத்துக் காட்டிவிட்டுத் திருப்பிக் கொடுக்கிறார். இதற்குப் பெயர் என்ன? பெரும்பாவங்களோடு சேர்த்து அண்ணலார் எச்சரித்த பொய்ச் சாட்சியம் அன்றோ! கட்டணத்துக்கோ வீட்டை அடகு வைத்து வட்டிக்கு வாங்குகிறார். முதல் அடியைப் பொய்யிலும் இரண்டாம் அடியை வட்டியிலும் வைக்கச் செய்துவிட்டு, மூன்றாம் அடியில் இறைச்சியை விசாரிக்கச் சொல்கிறோம். மாதந்தோறும் பணம் எதிர்பார்த்தும் நிற்கிறோம். தங்கையின் திருமணச் செலவும் அவன் தோளில் ஏறுகிறது. இவ்வளவும் சுமப்பவன் 20 மணி நேரத்தோடு எப்படி நிற்பான்?

கல்விக்காக ஊர் ஊராய் அலைந்தவர் வரலாறு நமக்குப் புதிதன்று. இமாம் புகாரி (ரஹ்) மாணவராயிருந்தபோது வீட்டிலிருந்து பணம் வரத் தாமதமாகவே, எவரிடமும் சொல்லாமல் புல்லைத் தின்று பசி பொறுத்தார்கள் என வரலாற்றாசிரியர் குறிக்கின்றனர். பஸராவில் ஒருமுறை சில நாட்கள் பாடத்துக்கு வராதபோது தோழர்கள் தேடிச் சென்றனர். உடுத்தத் துணியின்றி இமாமவர்கள் வீட்டுக்குள் இருந்தார்கள். தோழர்கள் திர்ஹம் திரட்டித் துணி வாங்கிக் கொடுத்தனர். முதல் நிகழ்ச்சியை மேடைதோறும் முழங்குகிறோம், இரண்டாவதை மறந்துவிடுகிறோம். மாணவன் தன் நேர்மையைக் காத்தான் என்பது முதல் பாடம். சுற்றியிருந்தோர் அவனைக் காத்தனர் என்பது இரண்டாம் பாடம்.

ஆகவே நாம் சொல்வது இதுதான். கட்டணமும் ஓராண்டு உணவும் உண்மையாகவே கையில் இருந்தால் பிள்ளையை அனுப்புங்கள். இல்லையெனில் அனுப்பாதீர்கள். சென்னைப் புதுக்கல்லூரியும் திருச்சி ஜமால் முகமது கல்லூரியும் 1951-ஆம் ஆண்டில் எதற்காக எழுந்தன? இங்கே பயின்றால் இழிவு என்று எவர் சொன்னார்? தகுதியும் தாகமும் உள்ள ஏழை மாணவன் கட்டாயம் போகத்தான் வேண்டுமெனில், மஹல்லா ஜமாஅத் அவனுக்கு வட்டியில்லாக் கடன் வழங்கட்டும். ஒரு வலீமாவின் ஆடம்பரத்தைக் குறைத்தால் ஒரு மாணவனின் ஓராண்டு உணவு கிடைக்காதா?

இனி வழியனுப்பும்போது, “தம்பி, எந்தத் தாளில் கையெழுத்திட்டாயோ அதைக் காப்பாற்று, பணம் போதவில்லையெனில் எங்களிடம் சொல்” என்று கூறுவோம். அவன் அழைக்கும்போது, “எவ்வளவு அனுப்புகிறாய்?” என்று கேட்கும் நாவை அடக்கி, “உறங்கினாயா? படித்தாயா?” என்று கேட்போம். ஹலாலான இறைச்சியை ஹராமான ஊதியத்தில் வாங்கும் நிலைக்கு எந்தப் பிள்ளையையும் தள்ளாத பெற்றோராக வல்ல இறைவன் நம்மை ஆக்கியருள்வானாக! ஆமீன்.