மலையேறும் மாணவர்க்கு வேண்டுவன யாவை?

விடுமுறை நாட்களில் மாணவர் குழுவாகச் சேர்ந்து மலைநாட்டுக்குச் செல்லுதலும், அங்கே நடைபயணஞ் செய்து பாசறை அமைத்துத் தங்குதலும் போற்றத்தக்க வழக்கங்களாம். சாரணரும் பிற கழகத்தினரும் சிவனொளிபாதமலைக்கும் ஹோட்டன் சமவெளிக்கும் நக்கிள்ஸ் மலைத்தொடருக்கும் சென்று மீள்கின்றனர். அம்முயற்சியின் பயனில் நமக்கு ஐயமில்லை. ஆயின், பயணத்துக்கு முன்னர் வீடுகளுக்கு அனுப்பப்படும் பொருட்பட்டியலைக் குறித்து நமக்கு ஒரு வழக்கு உண்டு.

அத்தகைய பட்டியல் ஒன்று நம் பார்வைக்கு வந்தது. எந்தப் பாடசாலையினது என்பது இங்கு வேண்டற்பாலதன்று. மலையேறுஞ் சப்பாத்து, நீர்புகா மேலங்கி, உறக்கப்பை, ஆளுக்கொரு கூடாரம், பலவலகுக் கத்தி, நெற்றியிற் கட்டும் விளக்கு என இருபதுக்கு மேற்பட்ட பொருள்கள். யாவும் ‘கட்டாயம்’ என்ற தலைப்பின்கீழ். 2022 ஆம் ஆண்டின் நெருக்கடிக்குப் பின்னர் இறக்குமதிப் பொருள்களின் விலை எந்நிலையில் நிற்கின்றது என்பதைப் பெற்றோர் அறிவர். இத்தகைய பட்டியல் வீட்டுக்குப் போன மறுநாள் சில மாணவர்க்குக் காய்ச்சல் வரும். சிலர்க்கு உறவினர் வீட்டுக் கலியாணம் வரும். ஆசிரியராயுள்ளார்க்கு அக்காய்ச்சலின் காரணம் விளங்கும். நன்றாக நடக்க வல்லவனும், அடுப்பு மூட்டத் தெரிந்தவனும், மற்றையோர் சுமையைக் கேளாமலே வாங்கிக் கொள்பவனுமாகிய பையன் வீட்டில் நின்றுவிடுகின்றான். யார் செல்வது, யார் நிற்பது என்பதைப் பட்டியலே தீர்மானித்துவிடுகின்றது.

உண்மையில் வேண்டுவன மிகச் சில. அவற்றுள் முதலாவது மழைக்கும் குளிருக்கும் காப்பு. இதில் நம் வடபுலத்து மாணவர் எளிதில் ஏமாறுவர். ஆனி முதல் புரட்டாதி வரை நம் ஊரில் வீசும் சோளகம் புழுதியைக் கிளப்புவதன்றி மழை தருவதில்லை. அதே தென்மேற் பருவக்காற்றே மலைநாட்டின் மேற்குச் சாரலில் விடாமழையாகப் பொழிகின்றது. கொளுத்தும் வெயிலிற் புகையிரதம் ஏறும் பையனுக்கு மழையங்கி ஒரு வீண்சுமையாகத் தோன்றுவதில் வியப்பில்லை. மேலும், ஆயிரம் மீற்றர் உயருந்தோறும் ஏறத்தாழ 6.5 பாகை செல்சியசு வெப்பம் குறையும் என்பது புவியியற் பாடம். ஹோட்டன் சமவெளி 2,100 மீற்றரளவு உயரத்தில் உள்ளது. கணக்கை மாணவரே போட்டுப் பார்க்கலாம். பருத்தித் துணி நனைந்தால் நீரைப் பிடித்து வைத்து உடற்சூட்டைக் கவர்ந்துவிடும்; இந்நாளில் இளைஞர் விரும்பி அணியும் தடித்த நீலக் காற்சட்டை இவ்வகையில் எல்லாவற்றிலும் கேடானது. கம்பளியோ நனைந்த பின்னரும் ஓரளவு சூடு காக்கும். ஆதலின் பாட்டனாரின் பழைய கம்பளி மேற்சட்டை, கடையில் மினுங்கும் புதுப்பருத்திச் சட்டையினும் நன்று. மாற்றுடையை நீர்புகாத பையொன்றிற் கட்டி முதுகுப்பையினுள்ளே வைத்தல் வேண்டும். பைக்கு மேலே போர்த்தும் உறையை மட்டும் நம்பியவர் இரவில் ஈரத்துடன் உறங்க நேரும்.

அடுத்தது சப்பாத்து. பணம் செலவிடத் தக்க பொருள் ஒன்று உண்டெனின் அது இதுவே. ஆயினும் விலை உயர்ந்ததே சிறந்தது என்பது பிழை. மாலை வேளையில், பாதம் சற்று வீங்கியிருக்கும்போது, பயணத்துக்கென வைத்த தடித்த காலுறையுடன் அணிந்து பார்த்து வாங்குதல் வேண்டும். விரல்களுக்கு முன்னே சிறிது இடம் இல்லையேல், இறக்கத்தில் நகங்கள் இடிபட்டுக் கருகும். அடிப்பாகம் வழுக்காது பற்றவேண்டும். புதிய சப்பாத்தைப் பயணத்தன்று முதன்முதலாக அணிதல் அறியாமை. இரண்டு வாரமாவது பள்ளிக்கும் கடைக்கும் அணிந்து பழக்குதல் வேண்டும். பழகிய பழைய கன்வஸ் சப்பாத்து, பழகாத மலைச்சப்பாத்தை எந்நாளும் வெல்லும்.

சுமையைப் பற்றியும் ஒரு சொல். உடல் நிறையில் ஐந்திலொரு பங்குக்கு மேற்படலாகாது என்பது நடைபயணம் பழகியோர் வைத்த எல்லை. நாற்பத்தைந்து கிலோ நிறையுள்ள பையனுக்கு அது ஒன்பது கிலோ. அதில் இரண்டு லீற்றர் தண்ணீரே இரண்டு கிலோவை எடுத்துக்கொள்ளும். 1995 ஒக்ரோபர் இறுதியில் நாவற்குழிப் பாலத்தை நோக்கி இரவோடிரவாக நடந்த தலைமுறையினர்க்கு, தோள் எவ்வளவு தாங்கும் என்பதை நூல் கற்பிக்க வேண்டியதில்லை. அவர்கள்தம் பிள்ளைகளுக்கோ, பையைக் கட்டி முடித்தபின் அதைச் சுமந்து மைதானத்தை நான்கு முறை சுற்றிவரச் செய்தல் போதும். தேவையற்றவை தாமாகவே வெளியே வந்துவிடும்.

எஞ்சியவற்றைச் சுருங்கச் சொல்லலாம். ரோச் லைற்று ஒன்று வேண்டும். கைத்தொலைபேசியின் விளக்கை நம்பினால், உதவிக்கு அழைக்க வேண்டிய வேளையில் அது உயிர் விட்டிருக்கும். கழுத்திற் கட்டிய விசில் ஒன்று வேண்டும். உலக முடிவு எனப்படும் பாறை விளிம்பு 800 மீற்றருக்கு மேற்பட்ட வீழ்ச்சியுடையது. அங்கே முற்பகலிலேயே மூடுபனி வந்து அருகில் நிற்பவரையும் மறைத்துவிடும். மூன்று முறை ஊதினால் இடர் என்று பொருள். நக்கிள்ஸ் காட்டின் அட்டைகளுக்கு, காற்சட்டை விளிம்பை நீண்ட காலுறைக்குள் செருகி, மேலே சவர்க்காரத்தைத் தேய்த்து விடுதலே கைகண்ட முறை. உணவில் நம் வீட்டாரே வல்லவர். பொரிவிளாங்காயும் எள்ளுருண்டையும் பனங்கட்டியும் கெடாதவை, கனமற்றவை, நடப்பவனுக்கு வலுத் தருபவை. அவற்றைத் துணிப்பையிற் கட்டுக. ஹோட்டன் சமவெளியின் வாயிலிற் பொலித்தீன் உறைகளைக் களைந்த பின்னரே உள்ளே விடுவர்.

கூடாரமும் சமையற் பாத்திரமும் முதலுதவிப் பெட்டியும் தனியொருவன் வாங்கும் பொருள்களல்ல. இவற்றைக் கல்லூரியே வைத்திருத்தல் வேண்டும் என்பது எமது துணிபு. 1907 ஆம் ஆண்டு பிரவுன்சித் தீவிலே பேடன் பவல் நடத்திய முதற் பாசறையில் செல்வர் வீட்டுப் பிள்ளைகளும் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளும் கலந்திருந்தனர். கட்டணமும் அவரவர் வசதிக்கேற்பவே பெறப்பட்டது. சாரணியம் பிறந்த பாசறையே அவ்வாறிருக்க, நாம் அதனைக் கடைத்தெருவின் கிளையாக்குதல் தகுமோ?

இவ்விழாவையொட்டி வளைவு எழுப்பவும் கல்வெட்டுப் பதிக்கவும் பொருள் திரட்டும் அன்பர்கள்மீது நமக்கு வெறுப்பில்லை. அதனுடன், முப்பது மாணவர்க்குப் போதிய கூடாரம், படங்கு, மழையங்கி, கம்பளிப் போர்வை, முதுகுப்பை ஆகியவற்றைக் கொண்ட ஒரு பண்டசாலை அமைத்தால் நன்று. பதினான்கு வயதினன் பாதம் ஓராண்டிலே சப்பாத்தை மிஞ்சி வளர்வதால், சிறுத்துப்போன சப்பாத்துக்களைத் தம்பிமார்க்கு விட்டுச்செல்ல அங்கே ஒரு தட்டும் இருக்கட்டும். வாங்குதல் எளிது, பேணுதலே அரிது. ஈரத்துடன் மடித்துவைத்த கூடாரம் சில நாளிற் பூஞ்சணம் பிடித்து அழியும். ஆதலின் திறப்பும் பதிவேடும் ஒரே ஆசிரியரின் பொறுப்பில் இருத்தல் வேண்டும். திரும்பி வந்த பொருள் வெயிலில் உலர்ந்த பின்னரே உள்ளே செல்லுதல் வேண்டும். அதன்பின் வீட்டுக்கு அனுப்பும் பட்டியல் நான்கு வரியில் அடங்கிவிடும்.

கடல் கடந்து வாழும் பழைய மாணவர்க்குத் தனியே ஒரு விண்ணப்பம். கனடாவின் உறைபனிக்கென அமைந்த உறக்கப்பைகளை அன்பு மிகுதியால் அனுப்பிவிடாதீர்கள். நம் மலைகளில் அவை வேண்டா, சுமக்கவும் இயலா. மெல்லிய மழையங்கிகளும் கம்பளி மேற்சட்டைகளுமே வேண்டுவன. அளவைக் குறித்து அனுப்புக. பதின்மூன்று வயது முதல் பதினெட்டு வயது வரையினர்க்குப் பொருந்துவனவாயிருக்கட்டும். பெரியோர் அளவில் வந்தால் ஆசிரியர்களே அவற்றை அணிந்து மகிழ நேரிடும்.