தலைக்கவச ஒலிக்கருவியும் நம் செவியும்

ராசிபுரத்திலிருந்து சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் இருசக்கர வாகனத்தில் சென்று வருவோருள் சிலர், தலைக்கவசத்துக்குள் புளூடூத் ஒலிக்கருவியைப் பொருத்திக்கொள்கின்றனர். பேச்சு தெளிவாகக் கேட்காவிடில் ஒலியைக் கூட்டுவதும், ஸ்பீக்கருக்கு இடம் வேண்டி உள்ளிருக்கும் தெர்மோகோலைக் குடைவதும் உண்டு. இவ்விரண்டும் தவறான வழிகள் என்றே நாங்கள் கருதுகிறோம்.

தெளிவின்மைக்குப் பெரும்பாலும் காரணம் காற்றின் இரைச்சலும், ஸ்பீக்கர் செவித்துளையை விட்டு விலகியிருப்பதுமே. அதைச் செவித்துளைக்கு நேராக, உறுத்தாதவாறு நெருக்கி வையுங்கள். பள்ளம் ஆழமாயின் பின்புறம் மெல்லிய பஞ்சுத் துண்டு வைக்கலாம். மைக்கிற்குப் பஞ்சுறை இட்டு உதட்டருகே அமையுங்கள். தலைக்கவசக் கண்ணாடியை மூடி வேகத்தைக் குறைத்தாலே இரைச்சல் தணியும்.

80 டெசிபெல் ஒலியை வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் அந்நேரம் பாதியாகும். உட்செவியில் ஒலியை உணரும் மயிர்ச்செல்கள் அழிந்தால் மீண்டும் வளர்வதில்லை. தெர்மோகோலோ, விபத்தில் தான் நசுங்கி மண்டையைக் காப்பது. குடைந்த இடத்தில் அக்காப்பு குன்றிவிடும்.

பயணத்துக்குப் பின் காதில் இரைச்சல் நீடித்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரை அணுகுங்கள். இல்லத்தாருக்கும் ஒரு வேண்டுகோள்: வண்டியில் வருவோரைக் கைபேசியில் அழைக்காதீர்கள். எத்துணைத் தெளிவான ஒலியும் சாலையிலிருந்து கவனத்தைப் பிரிக்கவே செய்யும். பேச வேண்டியவர் வண்டியை ஓரமாக நிறுத்திப் பேசட்டும்.