புல் வெட்டும் மிஷின் யாருக்கு?

பொள்ளாச்சி, ஆனைமலை, உடுமலைப் பக்கத்துத் தென்னந்தோப்புகளில் இன்று காலை ஏழு மணிக்கே ஓர் இரைச்சல் கிளம்புகிறது. தோளில் பட்டை, இடுப்போரம் நீண்ட குழாய், அதன் ஒரு முனையில் சிறிய பெட்ரோல் எஞ்சின், மறுமுனையில் சுழலும் நைலான் நரம்பு. இதுதான் புல் வெட்டும் மிஷின். கடைக்காரர் இதைப் பிரஷ் கட்டர் என்கிறார். தோப்பில் மட்டுமல்ல, மில் வளாகம், கல்லூரித் தோட்டம், நெடுஞ்சாலை ஓரம், பங்களா வாசல் எல்லா இடத்துக்கும் இது வந்துவிட்டது.

பண்ணரிவாளும் களைக்கொத்தும் ஏந்தி வரிசை கட்டிப் போன பெண்கள் பலர் செய்த வேலையை இன்று ஓர் ஆள் செய்து முடிக்கிறார். மற்றவர்கள் எங்கே போனார்கள்? அந்த ஓர் ஆளுக்காவது விடிவு வந்ததா? மிச்சப்பட்ட கூலி யார் மடியில் விழுந்தது? இந்த மூன்று கேள்விகளுக்கும் விடை காண்பது நம் சங்கங்களின் கடமை.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். யந்திரத்தின் மேல் நமக்குப் பகை இல்லை. வெயிலில் நாளெல்லாம் குனிந்து களை எடுக்கும் பெண்ணின் இடுப்பு வலியைப் பெருமையென்று பேசுகிறவன் ஒருநாளும் குனிந்தவன் அல்ல. குனிந்த முதுகு நிமிரட்டும் என்றுதான் நாமும் விரும்புகிறோம். ஆனால் முதுகு நிமிர்ந்த கையோடு வயிறு காய்ந்தால் அதற்குப் பெயர் முன்னேற்றமா?

1811-இல் இங்கிலாந்தில் நெசவுத் தொழிலாளர்கள் புதிய தறிச் சட்டங்களை உடைத்தார்கள். மறு ஆண்டே அவற்றை உடைத்தால் தூக்கு என்று பார்லிமெண்ட் சட்டம் போட்டது. தொழிலாளி தூக்கில் தொங்கினான், யந்திரமோ நிற்கவில்லை. உடைக்க வேண்டியது இரும்பை அல்ல, அது எவன் கையில் இருக்கிறதோ அந்த உடைமை முறையைத்தான் என்ற பாடத்தை உலகத் தொழிலாளி வர்க்கம் ரத்தம் சிந்திக் கற்றது. கோவை மில் தொழிலாளிக்கும் இது புதிதல்ல. ஒரே ஆள் கூடுதல் ஸ்பிண்டில்களைப் பார்க்க வேண்டும் என்று வேலைப்பளு ஏற்றியபோதும், வைண்டிங்கில் ஆட்டோகோனர் வந்து பெண்களின் வேலையைத் தின்றபோதும் நாம் கேட்டது இந்தக் கேள்விதான்: லாபத்தில் தொழிலாளியின் பங்கு எங்கே?

நைலான் நரம்பைச் சுழற்றிப் புல் வெட்டும் கருவி பிறந்தது நம் காட்டில் அல்ல. 1971-இல் அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரத்தில் ஜார்ஜ் பாலஸ் என்பவர், கார் கழுவும் இடத்தில் சுழலும் தூரிகையைப் பார்த்து இந்த யோசனைக்கு வந்தார். தகர டப்பாவில் மீன்பிடி நரம்பைக் கட்டிச் சுழற்றினார். மரத்தின் பட்டை கெடாமல் புல் வெட்டுப்பட்டது. வீட்டுக்காரன் ஞாயிற்றுக்கிழமை கொஞ்ச நேரம் பிடிப்பதற்காகச் செய்த கருவி அது. அதைத்தான் இங்கே நம் தொழிலாளியின் தோளில் மாட்டி, காலை முதல் மாலை வரை ஓட்டச் சொல்கிறார்கள்!

சொந்தமாக ஒன்று வாங்கினால் பிழைத்துக்கொள்ளலாம் என்று சில தோழர்கள் நினைக்கிறார்கள். நல்லது, கணக்குப் போட்டுப் பார்ப்போம். இது ஓர் உதாரணம்தான். உங்கள் ஊர் விலையைப் போட்டு நீங்களே சரிபாருங்கள்.

வட்டிக்கு ரூ. 18,000 வாங்கி மிஷின் எடுக்கிறோம். நாளில் ஆறு மணி நேரம் எஞ்சின் ஓடினால், மணிக்கு முக்கால் லிட்டர் வீதம் நாலரை லிட்டர் பெட்ரோல். லிட்டர் ரூ. 100 என்றால் ரூ. 450. அதில் கலக்கும் ஆயிலும் நைலான் நரம்பும் ரூ. 100. மிஷினோடு ஆள் கூலி ரூ. 1,500 பேசினால் கையில் நிற்பது ரூ. 950. தேய்மானம், வட்டி, கார்புரேட்டர், பிளக் பழுது என்று ரூ. 150 போனால் மிச்சம் ரூ. 800. பரவாயில்லையே என்று தோன்றும்.

அடுத்த மாதம் பக்கத்துத் தெருக்காரர் ஒரு மிஷின் எடுக்கிறார். தோட்டக்காரர் இருவரையும் மோதவிட்டு ரூ. 1,200 என்கிறார். மிச்சம் ரூ. 500. மூன்றாவது மிஷின் வருகிறது; கூலி ரூ. 1,000 ஆகிறது. மிச்சம் ரூ. 300! பெட்ரோல் பங்க் தன் விலையைக் குறைத்ததா? வட்டிக்காரன் குறைத்தானா? குறைந்தது உழைப்பின் விலை மட்டும்தான். மிஷினுக்குச் சொந்தக்காரன் என்ற பெயர் நமக்கு. அதன் பலன் தோட்டக்காரருக்கு!

கணக்கில் எழுதாத கூலி ஒன்றும் உண்டு. களை எடுக்கப் போகும் பெண், சாயங்காலம் ஒரு கட்டுப் புல்லைத் தலையில் சுமந்து வருவாள். வீட்டில் நிற்கும் எருமைக்கும் ஆட்டுக்கும் அதுதான் தீனி. அந்தப் பாலில்தான் பிள்ளைகளின் நோட்டுப் புத்தகம். நரம்பு மிஷின் புல்லை அறுப்பதில்லை, அடித்துச் சிதறடிக்கிறது. மண்ணும் நைலான் துணுக்கும் கலந்த அந்தப் புல்லை அள்ளவும் முடியாது, மாட்டுக்குப் போடவும் முடியாது. வேலை போனதோடு தீனியும் போயிற்று.

இத்தனைக்கும் களை ஒழிகிறதா என்றால் அதுவும் இல்லை. கோரையின் கிழங்கு மண்ணுக்குள் இருக்கிறது. மேலே வெட்டினால் சில நாளில் மறுபடி தலை நீட்டும். மஞ்சள் காட்டில் இன்றும் களைக்கொத்துதான் வேண்டும்.

மிஷின் பிடிக்கிற தோழரின் உடம்பைப் பாருங்கள். நிமிஷத்துக்கு ஆயிரக்கணக்கான சுற்று சுற்றும் நரம்பில் பட்ட கல் குண்டு போலத் தெறிக்கிறது. கல்லுக்குப் பெயர்போன நம் செம்மண் காட்டில் கண் போக ஒரு சில்லு போதும். இரைச்சல் காதைத் தின்கிறது. நாளெல்லாம் அதிர்ந்தால் விரல் மரத்து, வெளுத்து, பிடிமானம் போகிறது. டூ ஸ்ட்ரோக் எஞ்சின் எரியாத பெட்ரோலையும் புகையையும் முகத்தருகே கக்குகிறது. பார்த்தீனியத்தை அடித்தால் அதன் சாறு தெறித்து தோல் அரிக்கிறது. மில் தொழிலாளிக்கு 1955-லேயே கோவையில் இ.எஸ்.ஐ. வந்தது. தோப்பில் கண்ணை இழக்கும் தொழிலாளிக்கு எந்த இ.எஸ்.ஐ.?

சர்க்கார் மானியம் தருகிறதே என்பார்கள். 2014-15 முதல் நடக்கும் வேளாண் யந்திரத் திட்டத்தில் சிறு, குறு விவசாயிகளுக்குப் பாதி விலை வரை மானியம் உண்டு. ஆனால் விண்ணப்பத்தோடு சிட்டா கேட்கிறார்கள். தலைமுறை தலைமுறையாகப் பண்ணையத்தில் உழைத்த அருந்ததியர் தோழரிடம் சிட்டா ஏது? நிலம் உள்ளவனுக்கு யந்திரமும் மானியத்தில். நிலமற்றவனுக்கு வேலையும் இல்லை!

அப்படியானால் என்ன செய்வது? மிஷினை உடைப்பதும் வழியல்ல. ஆளுக்கொரு கடன் வாங்கி ஒருவரையொருவர் விழுங்குவதும் வழியல்ல. மிஷின் சங்கத்தின் கூட்டு உடைமையாக வேண்டும். ஊருக்கு ஐந்து மிஷின், ஒரே கூலி, முறைவைத்து வேலை. கூலியை ஊர் சங்கம் பேசட்டும், தனி ஆள் பேச வேண்டாம். நாம் வைக்கும் கோரிக்கைகள் இவை:

நிலமற்ற விவசாயத் தொழிலாளர் கூட்டுறவுகளுக்குச் சிட்டா கேட்காமல் மானியம் தர வேண்டும்.

மிஷின் பிடிக்கும் வேலையைப் பெண்களுக்கும் பழக்க வேண்டும். ஏழெட்டுக் கிலோ மிஷின் பெண்ணுக்குப் பாரம் என்கிறவர்கள், அவள் தலையில் இருந்த புல்கட்டை எடை போட்டுப் பார்க்கட்டும்! சம வேலைக்குச் சம கூலி என்று 1976-லேயே சட்டம் வந்தது. கோவையில் 1971 முதல் வேளாண் பல்கலைக்கழகம் இருக்கிறது. இந்தப் பயிற்சியை அது சேரிக்கும் காலனிக்கும் கொண்டுவர வேண்டும்.

கண்ணாடி, காதடைப்பு, பூட்ஸ், மிஷினின் காப்புத் தகடு இல்லாமல் யாரையும் வேலையில் இறக்கக் கூடாது. பதினைந்து மீட்டருக்குள் வேறு ஆள் நிற்கக் கூடாது. மணிக்கொரு முறை ஓய்வு வேண்டும். அந்த ஓய்வுக்கும் கூலி உண்டு. விபத்துக்குத் தோட்டக்காரரே பொறுப்பு.

மாட்டுத் தீனிக்கான புல்லை அரிவாளால் அறுத்துக்கொள்ளும் பெண்களின் உரிமையில் கைவைக்கக் கூடாது.

இது ஆகிற காரியமா என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2005-இல் வந்த கிராம வேலை உறுதிச் சட்டத்தில், ஆளை அகற்றும் யந்திரம் கூடாது என்ற விதி எழுதப்பட்டது. யந்திரத்துக்கும் வேலி போட முடியும் என்பதற்கு அதுவே அத்தாட்சி.

மில் தொழிலாளித் தோழர்களே! 2020 மார்ச்சில் தேசியப் பஞ்சாலைக் கழக மில்கள் நிறுத்தப்பட்டபோது, யந்திரம் இருந்தும் வேலை இல்லாத கொடுமையைக் கண்டவர்கள் நீங்கள். எஞ்சினைப் பிரித்துப் பூட்டும் கைத்திறன் உங்களிடம் இருக்கிறது. காட்டையும் களையையும் அறிந்த அறிவு விவசாயத் தொழிலாளியிடம் இருக்கிறது. இரண்டும் ஒரே சங்கக் கொட்டகையில் கூடட்டும். 1946 ஜனவரி 8-ஆம் தேதி தூக்குமேடை ஏறிய சின்னியம்பாளையம் தோழர்கள் நால்வரும் மில் தொழிலாளிகள், கிராமத்துப் பிள்ளைகள். ஆலைக்கும் வயலுக்கும் நடுவே அவர்கள் வேலி போடவில்லை. நாம் ஏன் போட வேண்டும்?

மிஷின் வரட்டும். உழைப்பவன் உடைமையாக வரட்டும்!