கால்வாய் ஊரில் ஒரு பகல்



இம்மாதம் ஒரு பயணத்தைப் பற்றி எழுதுகிறேன். பயணக் கட்டுரை எழுதுவது என் நோக்கமன்று. அப்பயணத்தில் என் தவறு ஒன்று எனக்கு உணர்த்தப்பட்டது. பலர் அறியச் செய்த தவறாகையால், பலர் அறிய ஒப்புக்கொள்வதே முறை எனக் கருதுகிறேன்.

என் தமக்கையின் மகன் சீன நாட்டு ஷாங்காய் நகரில் பணிபுரிகிறான். அவன் அழைப்பின் பேரில் சென்ற அக்டோபர் திங்களில் சில நாட்கள் அங்கே தங்கியிருந்தேன். ஒரு நாள் அவனுக்கு அலுவலகத்தில் விடுப்புக் கிடைக்கவில்லை. அயல்நாட்டாரை அருகிலுள்ள கால்வாய் ஊருக்கு அழைத்துச் சென்று மாலையில் திரும்பக் கொண்டுவந்து விடும் சுற்றுலா ஒன்றில் எனக்கு இடம் பிடித்துக் கொடுத்து, "மாமா, இன்று ஒரு நாள் ஊர் பார்த்து வாருங்கள்" என்று பேருந்தில் ஏற்றிவிட்டான்.

நாங்கள் பத்தொன்பது பேர். மஞ்சள் கொடியொன்றை உயர்த்திப் பிடித்தபடி முன்னே சென்ற இளம்பெண் எங்கள் வழிகாட்டி. ஷாங்காய் நகரின் நடுவிலிருந்து மேற்கே ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது ஜூஜியாஜியாவ் என்னும் அவ்வூர். 'ஜூ குடும்பத்தாரின் மூலை' என்பது பெயரின் பொருள். குடும்பத்தின் பெயரால் வழங்கும் ஊர் என்று கேட்டதும் எனக்கு மகிழ்ச்சி உண்டாயிற்று. அந்த மகிழ்ச்சியின் முழுப் பொருளும் பிற்பகலில்தான் விளங்கிற்று.

அந்நாட்டுப்புறம் முழுவதும் ஆறுகளும் ஏரிகளும் கால்வாய்களும் பின்னிக் கிடக்கும் தாழ்நிலம். முற்காலத்தில் அங்கே சாலையை விட நீரே பெருவழி. நெல்லும் பருத்தித் துணியும் எண்ணெயும் படகேறிச் சென்றன. மிங் அரசர் காலத்தில் இவ்வூர் சிறந்த துணிச்சந்தையாக விளங்கிற்று. வீடுகளின் முன்புறம் கடைத்தெருவை நோக்கியிருக்க, பின்புறத்தில் கற்படிகள் நீரில் இறங்குகின்றன. படகுக் கயிற்றைக் கட்டுவதற்கென்று துளையிட்டுச் செதுக்கிய கற்கள் கரைச்சுவரில் பதிக்கப்பட்டுள்ளன.

ஊரின் பெருமை ஃபாங்ஷெங் பாலம். 1571இல் பௌத்தத் துறவி ஒருவரின் முயற்சியால் கட்டப்பெற்று, 1812இல் புதுப்பிக்கப்பட்டது. ஐந்து கண்களும் ஏறத்தாழ 70 மீட்டர் நீளமும் கொண்ட கற்பாலம். 'உயிரை விடுவிக்கும் பாலம்' என்பது அதன் பெயர். அதன் அடியில் மீன் பிடிக்கலாகாது. பிடித்த மீனை வாங்கி நீரில் விடுவதே புண்ணியம் என்பது வழக்கம். இன்றும் நெகிழிப்பையில் சிறு மீன்களை விற்கிறார்கள். எங்கள் குழுவிலும் சிலர் வாங்கி விட்டனர். நான் வாங்கவில்லை, ஆயினும் நகைக்கவும் இல்லை. பிற சமயங்களில் உண்மையானதும் தூயதுமான எதையும் திருச்சபை தள்ளிவிடுவதில்லை என்று 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் கற்பித்தது நம் நினைவில் இருக்கவேண்டும்.

பாலத்தைக் கடந்து வடக்குத் தெரு. அதன்பின் 1912இல் செல்வர் ஒருவர் அமைத்த தோட்டம். நண்பகலில் இலையில் பொதிந்து கட்டி வேகவைத்த பசையரிசிப் பொட்டலம். அதன்பின் படகுச் சவாரி. படகோட்டி பின்புறம் நின்றபடி ஒற்றைத் துடுப்பை அசைக்க, படகு ஓசையின்றி வழுக்கிச் சென்றது. கரைக்கு வந்ததும் வழிகாட்டி, "நாற்பத்தைந்து நிமிடம் உங்கள் விருப்பம் போல் சுற்றலாம். சரியாக மூன்றரை மணிக்குப் பேருந்துக்கு வந்துவிட வேண்டும்" என்றாள்.

அவ்வூரில் கத்தோலிக்கக் கோயில் ஒன்று உண்டு என்று மருமகன் சொல்லியிருந்தான். அதைக் கேட்டபோது அவள் பணிவோடு, "அது நம் பட்டியலில் இல்லை, பழைய கட்டடம்தான்" என்று கூறி வழி காட்டினாள். நானும் ஒரு நொடி தயங்கினேன் என்பதை மறைக்கவில்லை. கால் வலித்தது, எதிரே தேநீர்க் கடை இருந்தது. ஆயினும் நடந்தேன்.

கடைத்தெருவின் சந்தடிக்குச் சற்று விலகி நின்ற அக்கோயில் ஆண்டவரின் விண்ணேற்றத்துக்கு ஒப்புக்கொடுக்கப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுந்தது. கதவு திறந்திருந்தது. நற்கருணைப் பேழையின் அருகே விளக்கு எரிந்தது. முன்வரிசையில் ஒரு மூதாட்டி, எண்பத்தைந்து வயதுக்குக் குறையாது, ஐந்தாறு வயதுச் சிறுமி ஒருத்தியைப் பக்கத்தில் இருத்திக்கொண்டு இராகத்தோடு செபித்துக்கொண்டிருந்தார். சீனம் அறியாத என் காதில் 'மாலியா', 'யேசு' என்ற இரண்டு சொற்கள் மட்டும் திரும்பத் திரும்ப விழுந்தன. அவை போதுமானவையாக இருந்தன. நானும் முழந்தாளிட்டு என் செபமாலையை எடுத்தேன்.

செபம் முடிந்ததும் அவர் என் கையிலிருந்த செபமாலையைக் கண்டு அருகே வந்தார். "ஷென்ஃபு?" என்றார். அங்கே குருவானவரை அழைக்கும் சொல் அது. நான் தலையசைத்தேன். பேச மொழியில்லை. குருமடத்தில் இராச்செபத்தின் முடிவில் நாங்கள் பாடிப் பழகிய 'சால்வே ரெஜினா' என்னும் இலத்தீன் பாடலைத் தாழ்ந்த குரலில் தொடங்கினேன். இரண்டாம் சொல்லிலேயே அவர் சேர்ந்துகொண்டார். ஒரு சொல் பிசகாமல் இறுதி வரை பாடினார். சீன நாட்டில் 1980களின் இறுதி வரை திருப்பலி இலத்தீனிலேயே நடந்தது என்பது பின்னர் நினைவுக்கு வந்தது. ஒருவர் மொழியை ஒருவர் அறியாத இருவர், பொதுவான தாயை ஒரே மொழியில் வாழ்த்தினோம்.

அதன்பின் அவர் செய்த சைகையை நான் வாழ்நாளில் மறவேன். என் செபமாலையைத் தொட்டார். முகம் இறுகிக் கையை அசைத்து, 'இல்லை' என்று காட்டினார். பிறகு தம் இரு கைகளையும் என் முன் விரித்து, ஒவ்வொரு விரலாக மடக்கிப் பத்து வரை எண்ணினார். முடிந்ததும் மீண்டும் முதல் விரலிலிருந்து தொடங்கினார். செபமாலை வைத்திருக்க இயலாத காலம் ஒன்று இருந்தது. அப்போது விரல்களே மணிகளாயின என்றே நான் புரிந்துகொண்டேன். சிறுமியும் தன் சிறு விரல்களை அவரைப் போலவே மடக்கினாள்.

பேருந்தை அடைந்தபோது ஏழு நிமிடம் பிந்திவிட்டேன். எல்லாரும் காத்திருந்தனர். மன்னிப்புக் கேட்டு அமர்ந்தேன். வழி நெடுகிலும் அந்த நாட்டுப்புறத்தின் கிறிஸ்தவ வரலாறே என் நெஞ்சில் ஓடிற்று. அதைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

நம் முத்துக்குளித்துறையின் மீனவ மக்களிடையே 1542 முதல் உழைத்த புனித சவேரியார், சீனாவுக்குள் நுழைய விரும்பி, அதன் கரையருகே சான்சியன் தீவில் 1552 டிசம்பர் 3ஆம் நாள் உயிர் துறந்தார். அவர் காணாத அறுவடையைப் பின்வந்தோர் கண்டனர். ஷாங்காயில் பிறந்த பேரறிஞர் ஷூ குவாங்சி 1603இல் திருமுழுக்குப் பெற்றுச் சின்னப்பர் என்னும் திருப்பெயர் பூண்டார். பின்னர் பேரரசின் முதன்மை அமைச்சர்களுள் ஒருவரானார். அவருடைய பேத்தி காந்திதா அம்மையார், 1607இல் பிறந்து 1680இல் இறந்தவர், கைம்பெண்ணாகி வாழ்ந்த காலமெல்லாம் கோயில்கள் எழவும் ஏழைகள் பிழைக்கவும் தம் பொருளைச் செலவிட்டார். கால்வாய் ஊர்கள் அடங்கிய அந்நிலப்பகுதியில் திருமறை வேரூன்றியதில் அவ்வம்மையாருக்குப் பெரும் பங்குண்டு.

1724இல் பேரரசர் யோங்ஜெங் திருமறையைத் தடைசெய்தார். தடை நூறாண்டுகளுக்கு மேல் நீடித்தது. கோயில்கள் பறிக்கப்பட்டன; குருக்கள் மறைந்து வாழ்ந்தனர். இரவில் படகில் வந்து, ஒரு வீட்டின் பின்படியில் இறங்கி, திருப்பலி நிறைவேற்றி, விடியுமுன் செல்வது வழக்கமாயிற்று. அவ்வாறு குரு வருவதும் அரிது. இடைப்பட்ட காலங்களில் திருமுழுக்குக் கொடுத்தவர்களும், செபம் கற்பித்தவர்களும், இறப்போருக்குத் துணை நின்றவர்களும் யார்? குடும்பத் தலைவர்களும் தாய்மார்களும் கன்னியர்களும்தான். படகிலேயே பிறந்து படகிலேயே இறக்கும் மீனவக் குடும்பங்களும் அவர்களுள் அடக்கம். 1842இல் இயேசு சபைக் குருக்கள் மீண்டும் வந்தபோது, அப்பகுதியில் விசுவாசத்தில் நிலைத்திருந்த பல்லாயிரம் கத்தோலிக்கர்களைக் கண்டனர். அதே நாட்டுப்புறத்தில் ஷேஷான் என்னும் குன்றின்மேல், கிறிஸ்தவர்களின் சகாயமான அன்னைக்கு 1935இல் பெருங்கோயில் எழுந்தது. மே மாதத்தில் மீனவக் குடும்பங்கள் படகுகளிலேயே அங்குத் திருயாத்திரை வந்தன. நாம் வேளாங்கண்ணிக்கு நடந்து செல்வதைப் போன்றதே அது.

சோதனை மீண்டும் வந்தது. நாம் ஆரோக்கிய அன்னையின் திருநாள் கொண்டாடும் அதே செப்டம்பர் 8ஆம் நாளில், 1955இல், ஷாங்காய் ஆயர் இக்னேஷியஸ் குங் கைது செய்யப்பட்டார், முப்பதாண்டுகள் சிறையிருந்தார். 1966இல் தொடங்கிய கலாசாரப் புரட்சியின்போது கோயில்கள் அனைத்தும் மூடப்பட்டன. 1970களின் இறுதியிலிருந்துதான் அவை ஒவ்வொன்றாகத் திறந்தன. அந்த மூதாட்டி பத்து விரல்களை மடக்கி எண்ணிய காலம் எது என்பது உங்களுக்கு இப்போது விளங்கும்.

இனி என் தவறு. நம் பங்கில் அக்டோபர் மாதத்தில் அன்னையின் சுரூபம் வீடு வீடாகச் சென்று, ஒவ்வோர் இல்லத்திலும் செபமாலை சொல்லப்படுவது நெடுநாள் வழக்கம். சில ஆண்டுகளாக வருவோர் தொகை குறைந்தது. ஒரு வீட்டில் ஐந்து பேர். ஒரு வீட்டில் வீட்டுக்காரரும் நானும் மட்டும். ஒரு வீட்டில் அடுத்த அறையில் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. மனம் சலித்த நான், "இவ்வாண்டு முதல் வீடுகளில் வேண்டாம்; கோயிலிலேயே எல்லாரும் கூடிச் சொல்வோம்" என்று திருப்பலியில் அறிவித்துவிட்டுப் பயணம் புறப்பட்டேன். வயதான ஒரு தாய் மட்டும் சக்ரிஸ்திக்கு வந்து, "சாமி, அம்மா எங்க வீட்டுக்கு வரமாட்டாங்களா?" என்று கேட்டார். "கோயிலுக்கு வாங்கம்மா" என்று சொல்லி அனுப்பினேன். அவருக்கு முழங்கால் வலி என்பது எனக்குத் தெரியும்.

கூட்டத்தை எண்ணிப் பார்த்து ஒரு செபத்தின் பயனை அளந்தேன். அதுவே என் குற்றம். கோயிலைப் பூட்டிவிடலாம், குருவைச் சிறையிடலாம், செபமாலையைப் பிடுங்கலாம். பாட்டி பேத்திக்குக் கற்பித்த செபத்தை மட்டும் எவராலும் பிடுங்க இயலாது. சீனத் திருச்சபையை இருமுறை உயிரோடு காத்தது அதுவே. குடும்பத்தை 'இல்லத் திருச்சபை' என்று வத்திக்கான் சங்கம் அழைத்ததைப் பலமுறை மறையுரையில் கூறியிருக்கிறேன். அச்சொல்லின் பொருளை, எவரும் பட்டியலில் சேர்க்காத ஒரு கோயிலில்தான் கற்றேன்.

ஊர் திரும்பிய முதல் ஞாயிறன்று என் அறிவிப்பைத் திரும்பப் பெற்றேன். திங்களின் எஞ்சிய ஒன்பது நாட்களும் சுரூபம் வீடுகளுக்குச் சென்றது. முதலில் அந்தத் தாயின் வீட்டுக்கே எடுத்துச் சென்றோம். அங்கே நாங்கள் ஏழு பேர் இருந்தோம். நான் எண்ணவில்லை, அந்த அம்மாவே மகிழ்ச்சியோடு எண்ணிச் சொன்னார்.

அன்புக்குரிய பெற்றோரே! நம் கோயில்கள் திறந்திருக்கின்றன, மணி ஒலிக்கிறது, அதற்காக ஆண்டவருக்கு நன்றி கூறுவோம். ஆயினும், கோயில் திறந்திருக்கிறது என்ற துணிவில் வீட்டுச் செபத்தை மூடிவிடாதீர்கள். இன்றிரவு கைப்பேசிகளையும் தொலைக்காட்சியையும் சற்றே ஓயவிட்டு, ஒரு பத்து மணியேனும் பிள்ளைகளோடு சேர்ந்து சொல்லுங்கள். செபமாலை கைக்கு எட்டாவிட்டால் தேட வேண்டாம். விரல்களை மடக்கி எண்ணப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுங்கள்.

ஆண்டுதோறும் மே 24ஆம் நாளைச் சீனத் திருச்சபைக்காகச் செபிக்கும் நாளாகத் திருத்தந்தை பதினாறாம் ஆசீர்வாதப்பர் 2007இல் குறித்தார். அந்நாளில் ஷேஷான் அன்னையின் பிள்ளைகளையும், கால்வாய்க் கரையில் பேத்தியோடு செபிக்கும் பெயரறியாத ஒரு பாட்டியையும் உங்கள் செபத்தில் நினைவுகூருங்கள்.

இறையாசீருடன்,
உங்கள் பங்குத் தந்தை